பியூஸ் அடிக்கடி போகிறதா? காரில் ஷார்ட் எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

எங்கள் காரில் சனிக்கிழமை இரவு மட்டும் பியூஸ் போகும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் நடந்தது. வாரம் முழுக்க ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின்னால் வரும் பைக்காரர் யாராவது பக்கத்தில் வந்து, "அண்ணா, பின்னாடி லைட்டே எரியல" என்பார். இறங்கிப் பார்த்தால் பார்க் லைட் பியூஸ் கருகிக் கிடக்கும். புதிதாக ஒரு 10 ஆம்பியர் பியூஸ் போட்டால் அடுத்த சனி வரை ஓடும். ஒரு கடையில் காட்டினேன். அவர் பத்தை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சை பியூஸைச் சொருகி, "இனிமே போகாது சார்" என்றார். சொன்ன மாதிரியே பியூஸ் போகவில்லை, அதற்குப் பதிலாக அடுத்த சனிக்கிழமை டிக்கிப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

அந்த வாடைக்கு அப்புறம்தான் இந்த வேலையை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரு பல்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பாதி ஷார்ட்டுகளை வீட்டு வாசலிலேயே பிடித்துவிடலாம்.

முதலில் பியூஸ் எதற்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல்பையோ ஸ்டீரியோவையோ காப்பாற்றத்தான் பியூஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. பார்க் லைட்டுக்குப் போகிற வயர் மிக மெல்லியது. பத்து ஆம்பியருக்கு மேல் நெடுநேரம் ஓடினால் சூடாகி, மேலுறை உருகி, பக்கத்து வயரோடு ஒட்டி, கடைசியில் நெருப்பு. அதற்கு முன்பே உருகி உயிரை விடுவதற்காகத்தான் பியூஸ். அங்கே 30 போட்டால் இனி பியூஸுக்குப் பதில் வயர்தான் உருகும். சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றுவது, செப்புக் கம்பி இழையை வைப்பது எல்லாம் இதே கதைதான். கத்தி பியூஸ்களில் (தட்டையான இரண்டு கால் உள்ள பிளேட் பியூஸ்) நிறத்தைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும்: 7.5 காப்பிக்கொட்டை நிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 வெள்ளை, 30 பச்சை. பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். உங்களுக்கு முன் யாராவது 'சரிசெய்து' வைத்திருக்கலாம், அதனால் முதல் வேலையாக மூடியையும் பியூஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எது ஷார்ட், எது ஷார்ட் இல்லை

நம் ஊரில் காரில் கரண்ட் சம்பந்தமாக எது நடந்தாலும் 'ஷார்ட்' என்றுதான் சொல்லுவோம். ஆனால் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வேறு வேறு. காரின் இரும்பு உடம்பு முழுக்க பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கிறது, அதைத்தான் பாடி எர்த் என்கிறோம். பிளஸ் வயர் பல்புக்குப் போய்ச் சேருமுன் வழியில் எங்காவது மேலுறை கிழிந்து அந்த இரும்பைத் தொட்டுவிட்டால் கரண்ட் பல்பு வழியாகப் போகாமல் நேராக எர்த்துக்குப் பாயும், பியூஸ் போகும். இதுதான் ஷார்ட். வயர் அறுந்து போயிருந்தால் பல்பு எரியாது, ஆனால் பியூஸ் நன்றாக இருக்கும், அது ஓப்பன். மூன்றாவது, எந்த பியூஸும் போகாமல் இரவெல்லாம் சத்தமில்லாமல் பேட்டரியை உறிஞ்சிக் காலையில் செல்ஃப் எடுக்கவிடாமல் செய்வது. அதை லீக்கேஜ் என்பார்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கையில் என்ன வேண்டும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. 10 நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச். சரியான அளவில் ஐந்தாறு பியூஸ். அப்புறம் மிக முக்கியமாக, பிரேக் லைட்டுக்குப் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றும் அதற்கு ஹோல்டரும். ஹோல்டரின் இரண்டு வயர்களையும் ஒரு கருகிய பியூஸின் இரண்டு கால்களில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கருகிய பியூஸில் இரு கால்களுக்கும் நடுவே தொடர்பு ஏற்கெனவே அறுந்திருப்பதால், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே சொருகக்கூடிய ஒரு டெஸ்ட் லேம்ப் தயார். வயரை ஒரு மீட்டருக்கு மேலேயே விடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் சொருகிவிட்டு டிக்கியில் நின்றபடி பல்பைப் பார்க்க முடிகிற அளவு நீளம் இருந்தால் இன்னும் உத்தமம்.

இந்தப் பல்பு ஏன் என்றால், ஷார்ட் இருக்கிற லைனில் பியூஸுக்குப் பதிலாக இதை வைத்தால் கரண்ட் முழுவதும் பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும். 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர், அதற்கு மேல் எவ்வளவு மோசமான ஷார்ட் இருந்தாலும் பாயாது. வயர் சூடாகாது, பியூஸ் டப்பா டப்பாவாகத் தீராது, ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், அது விலகிய நொடியில் அணையும் அல்லது மங்கும். பத்து பியூஸைக் கருக்கிக் கற்றுக்கொள்வதை ஒரே பல்பு சொல்லிவிடும்.

தொடுவதற்கு முன் சில எச்சரிக்கைகள். மோதிரம், இரும்புப் பட்டைக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் எப்போதும் மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் இடித்தால் அங்கேயே ஒரு பெரிய ஷார்ட், தீப்பொறி பறக்கும். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கப்ளர் (வயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் சொருகி) இருந்தால் அது ஏர்பேக் லைன், அதில் மல்டிமீட்டர் முனையைக்கூட வைக்கக் கூடாது. ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் சில நூறு வோல்ட், விளையாட்டே வேண்டாம். வாரண்டி இருக்கிற காரில் வயரை வெட்டாதீர்கள், நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

எப்போது போகிறது என்று கேளுங்கள்

புதிதாக இறங்குபவர்கள் செய்கிற தவறு, உடனே டேஷ்போர்டைப் பிரித்துப்போட்டு ஹார்னஸ் (வயர்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு) மேலுள்ள டேப்பை உரிக்க ஆரம்பிப்பது. வேண்டாம். ஒரு காகிதத்தை எடுத்து, பியூஸ் எந்தெந்த நேரத்தில் போனது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். நோயாளி சொல்கிற கதையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும் என்று வைத்தியர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும்.

சாவியே போடாமல், சுவிட்சே தொடாமல், பியூஸைச் சொருகின உடனே 'பட்'டென்று போகிறதா? அப்படியானால் பியூஸுக்கும் சுவிட்சுக்கும் இடைப்பட்ட வயரில்தான் கோளாறு. சுவிட்ச் போட்ட பிறகு போகிறதா? சுவிட்சுக்கு அந்தப் பக்கம் தேடுங்கள். (காருக்குக் கார் பியூஸ் இருக்கும் இடம் மாறும், சிலவற்றில் சுவிட்சுக்குப் பிறகுதான் பியூஸே வரும், அதனால் உங்கள் காரின் வயரிங் படம் கிடைத்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது, ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது, கதவைத் திறக்கும்போது போகிறது என்றால் அசைகிற இடத்தில் வயர் உரசுகிறது. மழையில் அல்லது வாட்டர் வாஷ் முடிந்த கையோடு போனால் லைட் ஹோல்டரிலோ கப்ளரிலோ தண்ணீர். வைப்பரோ ஏசி புளோயரோ சில நிமிடம் ஓடிய பிறகு போகிறது என்றால் பெரும்பாலும் அது ஷார்ட்டே இல்லை. மோட்டார் இறுகிப்போய் அதிகமாக இழுக்கிறது, வயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். சனிக்கிழமைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். வீட்டுக்காரிதான் சொன்னாள், "மளிகைச் சாமான் ஏத்துறதுக்கு டிக்கியத் திறக்குறோமே, அன்னைக்கு மட்டும்தானே இருட்டுன பிறகு திறக்குறோம்?" சரிதான். பார்க் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது டிக்கிக் கதவைத் திறப்பது வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். பகலில் எத்தனை முறை திறந்தாலும் லைனில் கரண்ட் இல்லை, அதனால் பியூஸ் போகவில்லை.

கண்ணால், மூக்கால் முதல் சுற்று

கருவியை எடுக்குமுன் ஒரு சுற்று வாருங்கள். காரில் கம்பெனி போட்டது எல்லாவற்றையும் விட, பிறகு போட்டது எல்லாவற்றின் மீதும் சந்தேகப்படுங்கள்: ஸ்டீரியோ, இரட்டை ஹாரன், பனிமூட்ட விளக்கு (ஃபாக் லைட்), ரிவர்ஸ் கேமரா, காலடியில் மின்னுகிற எல்இடி பட்டை. இவற்றுக்கு எங்கே வயர் இழுத்தார்கள், எங்கே வெறும் டேப் சுற்றி விட்டார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். சீட் கவர் போடும்போதும் தரை மேட் அடிக்கும்போதும் முடுக்குகிற ஸ்க்ரூ கீழே போகிற ஹார்னஸைத் துளைத்திருப்பதும் உண்டு.

அடுத்து எலி. இரவில் சூடு தேடி பானட்டுக்குள் ஏறுகிற எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஏர் பில்டர் பெட்டியின் பின்னால், பேட்டரித் தட்டின் அடியில் புழுக்கை, பஞ்சு, வெங்காயத் தோல் இருந்தால் அந்தச் சுற்றுவட்டார வயரை டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். புகையிலை, நாப்தலின் உருண்டை என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள், நானும் வைத்துப் பார்த்தேன், எங்கள் தெரு எலி எதற்கும் அசரவில்லை.

பிறகு வயர் மடங்குகிற, உரசுகிற இடங்கள். கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாய், டிக்கிக் கதவின் கீலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி ரப்பர், முன்சீட் தள்ளும் தண்டவாளத்தின் அடி, சைலன்சர் குழாய்க்கு அருகே போகிற வயர், பாடித் தகட்டில் ஓட்டை வழியாக வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் கழன்றிருந்தால் அந்த ஓட்டையின் விளிம்பு. பின் விளக்கின் ஹோல்டர்களையும் கழற்றிப் பாருங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகி, பிரேக்குக்கும் பார்க்குக்கும் போகிற இரண்டு முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது பழைய கார்களில் சகஜம்.

இனி பல்பு வைத்துத் தேடுவது

கருகிய பியூஸைப் பிடுங்குங்கள். அதன் கால்கள் இருந்த இரண்டு காடிகளில் ஒன்றில்தான் பேட்டரி கரண்ட் வரும், மற்றது விளக்குக்குப் போகிறது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத போல்ட் ஒன்றில் அழுத்தி, சிவப்பு முனையால் இரண்டையும் தொட்டால் தெரிந்துவிடும். நல்ல பேட்டரி என்றால் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். பார்க் சுவிட்சைப் போட்ட பிறகும் இரண்டிலுமே கரண்ட் வரவில்லை என்றால் ஷார்ட்டைத் தேடுவதில் அர்த்தமில்லை, கரண்ட் பியூஸ் வரை வருவதிலேயே பிரச்சினை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை தொடர்பு இருந்தால் பீப் அடிக்கிற கன்டினியூட்டியில் வைத்து விளக்குப் பக்கத்துக் காடியையும் பாடியையும் தொட்டேன், 'பீப்' என்றது, ஆகா ஷார்ட் என்று குதித்தேன். அது ஷார்ட் இல்லை, பல்பு. எரியாத பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது எதிர்ப்பு மிகக் குறைவு, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஐந்தாறு பல்பு ஒரே லைனில் இருந்தால் மீட்டருக்கு அது நேர் கம்பி மாதிரிதான் தெரியும். ஆகவே மீட்டரால் பார்ப்பதென்றால் அந்த லைனில் உள்ள அத்தனை பல்பையும் முதலில் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் பீப் அடித்தால் தான் பேச்சு.

பல்புகளைக் கழற்றியாயிற்றா? இப்போது பேட்டரியை மாட்டி, பியூஸ் இடத்தில் டெஸ்ட் லேம்ப்பைச் சொருகி, பார்க் சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இந்த நிமிடம் அங்கே இருக்கிறது. எரியாவிட்டால் ஷார்ட் ஒளிந்திருக்கிறது, ஹார்னஸை ஆட்டி, கதவுகளைத் திறந்து மூடி, டிக்கியை மேலும் கீழும் அசைத்து அதை வெளியே வரவழைக்க வேண்டும். இதற்கு ஒரு ஆள் துணை இருந்தால் நல்லது, ஒருவர் ஆட்ட, ஒருவர் பல்பைப் பார்க்க. பல்பு சூடாகும், சீட் துணியின் மீதோ பிளாஸ்டிக்கின் மீதோ படுக்க வைக்காதீர்கள்.

எரிகிற பல்பு கிடைத்துவிட்டால் பிறகு வேலை சுலபம்: பிரிக்க வேண்டியதுதான். கடைசிக் கோடியிலிருந்து வாருங்கள். டிக்கிக் கதவுக்குப் போகிற கப்ளரைக் கழற்றுங்கள். பல்பு அணைந்ததா? அப்படியானால் ஷார்ட் அந்தக் கதவுக்குள். அணையவில்லையா, அதை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்க ஹார்னஸ் முழுவதும் முன்பக்கத்தோடு சேர்கிற பெரிய கப்ளரைக் கழற்றுங்கள், அது பெரும்பாலும் முன்கதவுப் படிக்கட்டின் மேல் மூடியடியிலோ டேஷ்போர்டின் ஓரத்திலோ இருக்கும். அணைந்தால் பின்பக்கம், அணையாவிட்டால் முன்பக்கம். ஒவ்வொரு கப்ளருக்கும் சந்தேகப்பட வேண்டிய நீளம் பாதி குறையும். கடைசியில் கை அளவு வயர்தான் மிஞ்சும், அங்கே மட்டும் டேப்பை உரித்தால் போதும். கப்ளரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள், பழைய பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி உடையும்.

எனக்கு டிக்கிக் கப்ளரைக் கழற்றியவுடன் பல்பு அணைந்தது. கீலுக்குப் பக்கத்து ரப்பரைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் ஆறேழு வயர்கள், அதில் பார்க் லைட்டோடு சேர்ந்தே எரிகிற நம்பர் பிளேட் விளக்குக்குப் போகிற ஒன்று மடங்கி மடங்கி மேலுறை வெடித்து, கதவைத் தூக்கும்போதெல்லாம் தகட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த 30 ஆம்பியர் புண்ணியத்தில் பக்கத்து இரண்டு வயரும் உருகி அதோடு ஒட்டியிருந்தன. ஒரு வயர் கோளாறு மூன்று வயர் கோளாறாகியிருந்தது.

வயரைச் சரிசெய்வது

டேப் சுற்றி விட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்தின காருக்குள் டேப்பின் பசை இரண்டே கோடையில் ஒழுகி, டேப் தானாகவே சுருண்டு கழன்றுவிடும், அடுத்த வருடம் அதே இடத்தில் அதே வேலை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போன துண்டை வெட்டி எறியுங்கள். வெட்டின முனையில் கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது உள்ளே அரித்திருக்கிறது, பளபளவென்று செம்பு தெரிகிறவரை வெட்டிக்கொண்டே போங்கள். அதே தடிமனில், முடிந்தால் அதே நிறத்தில், ஆட்டோமொபைல் வயரை இடையில் சேருங்கள். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி வேண்டாம், அதிர்வில் ஒடிந்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டையில் பழைய ஹார்னஸ் துண்டே கிடைக்கும், நிறமும் கோடும் அப்படியே பொருந்துகிற மாதிரி பார்த்து வாங்கலாம்.

சேர்ப்பதற்கு முன் சூட்டில் சுருங்கும் ஸ்லீவை வயரில் கோத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டுப் பற்றவைத்து முடித்தபின் தலையில் அடித்துக்கொள்ளாதவர்கள் யாரும் இல்லை. இழைகளைப் பின்னி, ஈயம் உள்ளே இறங்கும்படி சூடாக்கிப் பற்றவைத்து, ஸ்லீவை மேலே தள்ளிச் சூடு காட்டிச் சுருக்குங்கள். கதவு, டிக்கி மாதிரி மடங்குகிற இடத்துக்குள்ளேயே ஜாயிண்ட் வரக் கூடாது, ஏனென்றால் ஈயம் ஏறிய கம்பி விறைப்பாகி ஓரத்தில் ஒடியும். கொஞ்சம் நீளமான வயர் போட்டு ஜாயிண்டுகளை ரப்பருக்கு வெளியே, இரு பக்கமும் கொண்டுபோங்கள். பல வயர் இருந்தால் எல்லா ஜாயிண்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வையுங்கள். உரசின விளிம்புக்கு ரப்பர் வளையம், வயருக்குச் சுருள் பிளாஸ்டிக் குழாய். வயர் எதனால் உரசியதோ அதை எடுக்காமல் வயரை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சந்திப்பீர்கள்.

பியூஸ் போகாமல் பேட்டரி மட்டும் இறங்கினால்

இதற்குப் பல்பு வேண்டாம், மீட்டரின் 10 ஆம்பியர் துளை வேண்டும். கதவெல்லாம் மூடி, சாவியை எடுத்து, மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். ஆம்பியரில் வைத்த மீட்டரை பேட்டரியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நேராக மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்த நொடியே மீட்டர் பியூஸ் போகும். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவும் கூடாது. வைத்தவுடன் அதிகமாகக் காட்டும், பயப்பட வேண்டாம், காரில் உள்ள கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம்வரை எடுக்கலாம். அப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் கவலையில்லை. அரை ஆம்பியர் நின்றால், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) போய்விடும், சின்ன காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாள் தாங்காது. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ அந்த லைன்தான் திருடன். டிக்கி விளக்கு, டேஷ்போர்டுப் பெட்டி விளக்கு, சாவியில் வராமல் நேரடியாக பேட்டரியில் இணைத்த ஸ்டீரியோ, ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டால் இயங்குகிற சுவிட்ச்), இவைதான் வழக்கமான ஆட்கள்.

வேலை முடிந்ததும் எல்லாப் பல்பையும் மாட்டி, முதலில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தே சுவிட்ச் போடுங்கள். இப்போது அது முன்பு போலப் பளிச்சென்று எரியாமல் மங்கலாகத்தான் எரியும், ஏனென்றால் கரண்ட் கார் பல்புகள் வழியாகவும் போக வேண்டியிருக்கிறது. டிக்கியைத் திறந்து மூடி, ஹார்னஸை ஆட்டிப் பார்த்தும் வெளிச்சம் மாறாமல் இருந்தால் சரியான அளவு பியூஸைப் போடுங்கள். பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டே ஊரில் இருக்கிற மோசமான ரோட்டில் ஒரு சுற்று. பேட்டரியைக் கழற்றினதால் கடிகாரம் தவறியிருக்கும், சில கார்களில் கண்ணாடி தானாக ஏறுவதை மறுபடி பழக்க வேண்டும், ஸ்டீரியோ ரகசிய எண் கேட்டாலும் கேட்கும், அதனால் அந்த எண் எழுதின சீட்டு எங்கே என்று முன்கூட்டியே தேடி வையுங்கள். என் பியூஸ் பெட்டி மூடிக்குள் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: எந்த வயர், எந்த இடத்தில் ஜாயிண்ட், என்ன தேதி. அதற்குப் பக்கத்திலேயே இரண்டு சிவப்பு பியூஸ்.